பன்னிரண்டு சென்டிமீட்டர் இலை

காசிநாதன் அனுப்பிய பன்னிரண்டு இடங்களையும் கைப்பேசி வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் ஒரே இடத்தில் போய் விழுந்தன. ஐயம்பேட்டையில், அவருடைய குடோன் வாசலில்.

உடனே போன் போட்டேன்.

"இன்னா காசிநாதன், உங்க குடோன் வாசல்ல மந்தாரைக் காடு இருக்குதா?"

"அய்ய, மேடம், நீங்கதான லொகேஷன் அனுப்பச் சொன்னீங்க? நான் இருக்கற லொகேஷன அனுப்பிச்சேன்."

"இலை பறிக்கற இடம் கேட்டேன். பன்னெண்டு இடம்."

"அதான் பன்னெண்டு தபா அனுப்பிச்சேனே!"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அந்தப் பன்னிரண்டு இடங்களுக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

என் பெயர் கலையரசி. காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகிற வழியில் இருக்கும் உணவுக் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தரப் பொறுப்பாளர். எங்கள் சரக்கு கோயில் இட்லி. மிளகு, சீரகம், சுக்கு, நெய் எல்லாம் போட்டு, பெருமாள் கோயிலில் மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி வேகவைப்பார்களே, அதுதான். நாங்கள் அதை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, ஒவ்வொன்றையும் ஒரு மந்தாரை இலைக்குள் வைத்து வேகவைத்து, உறையவைத்து, கப்பலேற்றுகிறோம். லண்டனில் யாரோ ஒருவர் அதைச் சூடாக்கிப் பிரிக்கும்போது இலை வாசனை வர வேண்டும். அந்த வாசனைக்காகத்தான் அவர்கள் வாங்குகிறார்கள்.

ஜனவரியில் அந்த லண்டன் கடைக்காரர்களிடமிருந்து ஒரு படிவம் வந்தது. 'உங்கள் பொருளுக்காக எங்கும் காடு அழிக்கப்படவில்லை' என்று உறுதி கூற வேண்டும். காட்டிலிருந்து என்ன வருகிறது, எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பன்னிரண்டு வரைபடப் புள்ளிகளோடு எழுத வேண்டும். மார்ச்சில் ஆள் அனுப்பிச் சரிபார்ப்பார்கள். எங்களிடம் காட்டிலிருந்து வருவது இலை ஒன்றுதான். இலை கொண்டுவருகிறவர் காசிநாதன்.

நான்கு நாள் கழித்து அவர் இரண்டாவது பட்டியல் அனுப்பினார். இந்தத் தடவை புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழுந்தன. ஆரணியிலிருந்து போளூர் போகிற சாலையில், வரிசையாக, இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்று. ஒன்று பெட்ரோல் பங்க். ஒன்று பரோட்டாக் கடை. மனிதர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நிறுத்தத்துக்கு நிறுத்தம் விரலால் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். பதினாறு வருஷமாக இலை வியாபாரம் செய்கிறவர், இலை முளைக்கிற மலையில் ஒரு நாளும் ஏறியதில்லை. அடிவாரத்துக்கு லாரி வரும், ஏற்றிக்கொண்டு வருவார். அவ்வளவுதான்.

இதை எங்கள் முதலாளி நமச்சிவாயத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கா இவ்ளோ டென்ஷன்? நீயே மேப்பைப் பாரும்மா. பச்சையா இருக்கற இடமாப் பாத்து பன்னெண்டு புள்ளி வெச்சுடு. மேல இருந்து பாக்கறவனுக்கு எல்லாம் பச்சதான்."

"சார், அது பொய்க் கணக்கு."

"பொய் இல்லம்மா. அங்க இலை இருக்குதா இல்லியா? இருக்குது. அப்பறம் இன்னா?"

இந்த மனிதர் வருஷா வருஷம் ஆடி மாதம் எங்கள் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து மரக்கன்று நடுகிறவர். படம் எடுத்து நாள்காட்டியில் போடுகிறவர். நட்ட கன்றில் ஒன்றுகூட ஆவணியைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கோபத்தை எனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் கொட்டிவிடுவேன். அன்று இலை ஊறவைக்கும் தொட்டியருகே நின்று துர்காவிடம் கொட்டினேன். துர்கா இலை மடிக்கும் பிரிவில் முப்பத்திரண்டு பெண்களுக்குத் தலைவி. ஓரிக்கைக்காரி, முப்பத்து நான்கு வயது, வீட்டில் ஆறேழு ஆடு. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டதே தவிர, அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பொத்தல் இலை போனதில்லை.

அவள் கையைத் தொட்டியிலிருந்து எடுக்காமலேயே சொன்னாள்: "புள்ளி கெடக்கட்டும் மேடம். முதல்ல இந்த இலையைப் பாருங்க."

"இலைக்கு இன்னா?"

"இது பறிச்ச இலை இல்ல. வெட்டிப்போட்ட கிளையில இருந்து உருவினது. காம்பைப் பாருங்க, பட்டை உரிஞ்சு வந்துக்கினு இருக்குது. மரத்துல ஏறிக் கிள்ளிப் பறிச்சா காம்பு சுத்தமா இருக்கும். எங்க வீட்ல ஆட்டுக்குத் தழை வெட்டிப் போடறோம், எனக்குத் தெரியாதா?"

நாலு இலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அவள் சொன்னது சரி. காம்பு நுனியில் நகக்கீறல் அகலத்துக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் நான் பார்த்தது இலையின் அகலத்தை மட்டும்தான்.

"எத்தினி நாளா இப்பிடி வருது?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும்."

"ஏன் துர்கா சொல்லல?"

"நீங்க அளவைத்தான கேப்பீங்க? அளவு சரியா இருந்துச்சு."

எந்த ஊர் இலை என்று காசிநாதனுக்கு ஒரு மாதமாக நான் மின்னஞ்சல் போட்டுக்கொண்டிருந்தேன். துர்கா இலை லாரி ஓட்டுநருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பத்து நிமிஷத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆரணி, போளூர், அங்கிருந்து மலைக்குப் போகும் பஸ். பரோட்டாக் கடையைத் தாண்டும்போது துர்கா, "மேடம், உங்க காடு" என்றாள். அப்போதுதான் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

ஊருக்குள் இலை என்று கேட்டதும் சம்பூர்ணம் வீட்டைக் காட்டினார்கள். நாற்பது வயதிருக்கும். வாசலில் பாயில் இலையைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் காஞ்சிபுரத்து இட்லிக் கம்பெனி என்றதும் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. இலை பறிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். எழுந்து முன்னால் நடந்தாள்.

அரை மணி நேரம் ஏறியிருப்போம். ஒரு சரிவுக்கு வந்து நின்றோம். சரிவு முழுக்க முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள். சிலவற்றில் தளிர் விட்டிருந்தது. தளிரில் இலை ஒவ்வொன்றும் என் கையை மறைக்கும் அளவு. பெரும்பாலானவற்றில் ஒன்றுமே இல்லை. மழைக்கு மண் அரித்து வேர் வெளியே தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ந்து உளுத்திருந்தது. இப்படி எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, எழுபதுக்கு மேல் எண்ணப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். சரிவைத் தாண்டி அடுத்த சரிவும் அப்படித்தான் இருந்தது.

"யாரு வெட்டறது?" என்று அதட்டினேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நாங்கதான். வேற யாரு வருவாங்க இங்க?"

"எதுக்கு? இலைதான வேணும்? மரத்தை எதுக்கு வெட்டணும்?"

சம்பூர்ணம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதிலிருந்து ஒரு எவர்சில்வர் வளையத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுக்காகத்தான். ரெண்டு வருசம் முந்தி கீழ இருந்து குடுத்தனுப்புனாங்க. இதை இலை மேல வெச்சா நாலு பக்கமும் இலை வெளிய தெரியணுமாம். அப்பதான் எடுப்பாங்களாம். முன்ன நாங்க ஏறித்தான் பறிப்போம். ஒரு மரத்துல கொஞ்சம், அடுத்த மரத்துல கொஞ்சம். சின்னது பெரிசு எல்லாம் போகும். வளந்த மரத்துல இந்த அளவுக்கு நூத்துக்குப் பத்து இலைதான் தேறும். மீதியத் திருப்பி அனுப்பிட்டா நாங்க எங்க போறது? மரத்தை அடியோட வெட்டுனா, அடுத்த மழைக்குத் தளிர் வருது பாருங்க, அதுல எல்லாமே பெரிய இலை. ஒரு தடவ வெட்டுனா மரம் தாங்கும். ரெண்டாவது தடவ தாங்காது."

வளையத்தைக் கையில் வாங்கவே எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர். அளந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளையார்பாளையத்துப் பட்டறையில் நின்று, விளிம்பு கையைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லித் தேய்க்கவைத்து வாங்கியவள் நான். இரண்டு வருஷத்துக்கு முன் லண்டனிலிருந்து ஒரு புகார் வந்தது, இலை சின்னதாக இருந்ததால் ஓரத்தில் மாவு வழிந்துவிட்டது என்று. ஒரே ஒரு ஆள் அனுப்பிய புகார். நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு விதி எழுதினேன். எல்லா இலையும் ஒரே அளவு, பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் திருப்பி அனுப்பு. நமச்சிவாயம் எல்லோர் முன்னாலும் எனக்குக் கைதட்டினார். அந்தக் கைதட்டல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"யாரும்மா இந்த அளவு வெச்சது? கேட்டுச் சொல்லுங்க" என்றாள் சம்பூர்ணம்.

துர்கா என்னைப் பார்த்தாள். பொய் சொல்லிவிட்டு இறங்கி வந்திருக்கலாம்.

"நான்தாம்மா."

அவள் திட்டியிருந்தால் தேவலை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்: "இட்லியத் தின்னுட்டு இலையத் தூக்கித்தான போடுவாங்க? அதுக்கு எதுக்கும்மா அளவு?"



திங்கட்கிழமை நமச்சிவாயத்தின் அறைக்குப் போய், எடுத்த படங்களையெல்லாம் மேசைமேல் காட்டினேன். விதியை மாற்ற வேண்டும் என்றேன். சின்ன இலையையும் எடுப்போம், இரண்டு இலையை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஈர்க்குக் குத்தினால் மாவு வழியாது, கோயில் குடலையில் அளவு பார்த்தா இலை போடுகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒரு இட்லிக்கு ரெண்டு இலை, ஒரு ஈர்க்கு. இன்னும் இருவது பொம்பளைங்களை நான் எங்க போய்த் தேடறது? முகூர்த்த சீசன்ல நெசவுக்குப் போறாங்க, மீதிப் பேரு ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிடறாங்க."

"அப்ப மரம் சாகட்டுமா சார்?"

"கலையரசி, காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு நீ மலையைக் காப்பாத்தப் போறியா? நாம வெட்டல. வெட்டச் சொல்லல. இலை கேட்டோம், இலை குடுத்தான்."

"நாம வெட்டச் சொன்னோம் சார். வளையம் செஞ்சு அனுப்பிச் சொன்னோம்."

"முதல்ல படிவத்துல கையெழுத்து போடு. ஆடிட் முடியட்டும். அப்பால ஒண்ணொண்ணா சரி பண்ணிக்கலாம்."

இந்த 'அப்பால' எனக்கு நன்றாகத் தெரியும். கழிப்பறைக்குக் கதவு மாற்றுவதற்கு மூன்று வருஷம் ஆன 'அப்பால' அது. படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். 'காடு அழிக்கப்பட்டதா?' என்ற கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினேன். எந்த ஊர், எத்தனை அடிக்கட்டை, எந்த விதியால், அந்த விதியை எழுதியது யார் என்று கீழே ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஜோசுவா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்று என்னைப் படிக்கவைத்தவர், கம்பெனியில் தரும் வெள்ளைக் கோட்டைப் போடும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

சரிபார்க்க வந்தவள் பெயர் தேவிப்ரியா. சென்னைப் பெண், முப்பது வயது இருக்கலாம். சுறுசுறுப்பு. நமச்சிவாயம் வழக்கம்போல் அரக்கு நிறப் பட்டுப்புடவைப் பெட்டியை மேசைமேல் வைத்தார். எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிதர் வந்தாலும் வாயை அடைக்க இதுதான். அவள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"சாரி சார், எங்க ரூல்ஸ்ல கிஃப்ட் வாங்கக் கூடாது. வெளியே வெச்சிடுங்க, இல்லன்னா நான் ரிப்போர்ட்ல எழுதணும்."

எனக்கு மனசு குளிர்ந்தது. சரியான ஆள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் படிவத்தை அவள் கையில் கொடுத்தேன். அதில் 'ஆம்' என்று இருந்ததைப் பார்த்ததும் நமச்சிவாயம் நாற்காலியின் நுனிக்கு வந்தார். அவள் முழுவதும் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்ப ஹானஸ்ட்டா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா இது தேவையே இல்ல."

"இன்னாது?"

"இலை பேக்கிங் மெட்டீரியல். சாப்பிடற பொருள் இல்ல. இந்த பாலிசி சாப்பிடற பொருளுக்கு மட்டும்தான். பதினாலாவது பக்கத்துல இருக்கு பாருங்க, பேக்கிங்குக்கு இன்னும் மூணு வருஷம் டைம் இருக்கு." சொல்லிவிட்டு என் பக்கத்தைப் படிவத்திலிருந்து பிரித்தெடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதினாள். "கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

எனக்குப் பிரச்சினை வராதாம்! அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருஷத்தில் அந்த மலையில் வெட்ட என்ன மிச்சம் இருக்கும் என்று அவளைக் கேட்கத் தோன்றியது. கேட்டால் அதற்கும் ஒரு பக்க எண் சொல்லியிருப்பாள். நமச்சிவாயம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாம்மா? உண்மையைச் சொன்னாகூட ஒண்ணும் ஆகல" என்றார். சந்தோஷமாகச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளைச் சாப்பிட அழைத்துப் போனார்கள். நான் நேராக இலைக் கிடங்குக்குப் போனேன். வியாழக்கிழமை கப்பலுக்குப் போக வேண்டிய சரக்குக்காக நாற்பது கட்டு இலை அங்கே அடுக்கியிருந்தது. என் மேசை இழுப்பறையில் சிவப்பு அட்டைகள் இருந்தன. கெட்டுப்போன சரக்கில் கட்டுகிற அட்டை. கட்டிவிட்டால் அந்தச் சரக்கை யாரும் தொடக் கூடாது. அட்டையை அவிழ்க்கும் உரிமை தரப் பொறுப்பாளருக்கு மட்டும்தான், முதலாளிக்குக்கூடக் கிடையாது. இதை எழுதிக் கிடங்கு வாசலில் பெரிய பலகையாக மாட்டியவர் நமச்சிவாயமேதான், ஆடிட் வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று.

ஒவ்வொரு கட்டிலும் இரண்டு இலையை உருவிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் காம்பில் பட்டைத் துணுக்கு இருந்தது. இட்லிக்குள் மரப்பட்டை போகக் கூடாது, அது உலகத்தில் எந்த ஊர் விதிப்படியும் குற்றம்தான். காரணம் என்ற இடத்தில் அதை எழுதினேன். 'கிளையை வெட்டி உருவிய இலை. காம்பில் பட்டை. நிராகரிக்கப்பட்டது.' நாற்பது கட்டுக்கும் நாற்பது அட்டை. பொய் ஒரு எழுத்துகூட இல்லை.

விஷயம் காதுக்குப் போய் நமச்சிவாயம் ஓடி வந்தார். பின்னாலேயே, ஆடிட்டுக்காக வரவழைத்திருந்த காசிநாதன்.

"இன்னா வேலை இது? அவுத்து விடு அதை!"

"முடியாது சார்."

"துர்கா! நீ அவுத்துடும்மா. அவுத்துட்டுத் தொட்டில போடு, நேரம் ஆவுது."

துர்கா தொட்டியை விட்டு எழுந்து வந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்தார்கள். துர்கா பலகையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"நான் தொட மாட்டேன் சார். போன வருஷம் சிவப்பு அட்டை கட்டின மிளகு மூட்டையை நகத்தினதுக்கு ரெண்டு பேரை வேலைய விட்டு நிறுத்துனீங்க. ஞாபகம் இருக்குதா?"

"அப்ப நானே அவுக்கறேன்." அவர் முதல் கட்டின் முடிச்சில் கை வைத்தார்.

"எந்த லாட் சார் இது?"

வாசலில் தேவிப்ரியா நின்றுகொண்டிருந்தாள். கை கழுவிய ஈரம் காயவில்லை. பலகையைப் படித்தாள். அட்டையைப் படித்தாள். ஒரு இலையை உருவிக் காம்பைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.

"ரெட் டேக் போட்ட சரக்கை மேனேஜ்மென்ட் ரிலீஸ் பண்ணினா அது மேஜர் தப்பு. நேரா ஃபெயில்தான் சார். கையை எடுத்துடுங்க ப்ளீஸ்."

நமச்சிவாயம் கையை எடுத்தார். ஒரு மலை மொட்டையானதற்கு அவள் படிவத்தில் கட்டமில்லை. ஒரு அட்டையைத் தொட்டதற்கு இருந்தது. எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை, அவள் மேல் ஆத்திரம்தான் இன்னும் அதிகமாயிற்று. ஆனால் இருக்கிற கட்டத்தை வைத்துத்தான் நான் பிழைக்க வேண்டும்.

"கப்பலுக்கு இன்னாம்மா பண்றது?" நமச்சிவாயத்தின் குரல் இறங்கியிருந்தது. "இன்னா வேணும் உனக்கு?"

"வளையத்தைத் தூக்கிப் போடணும். எல்லா அளவு இலையும் எடுக்கணும். ஏறிக் கிள்ளிப் பறிச்ச இலை மட்டும். வெட்டின கிளை இலை வந்தா லாரியோட திருப்பி அனுப்பணும். இதை விதியா எழுதி, நீங்களும் நானும் கையெழுத்து போட்டு, ஒரு காப்பி இவங்க கையில குடுக்கணும்."

"மேடம், நான் எங்க போவேன்? மலை ஏறிப் பாக்கச் சொல்றீங்களா?" என்றார் காசிநாதன்.

"ஆமா. பதினாறு வருஷம் ஆச்சு, ஒரு தபா ஏறிப் பாருங்க."

அப்போதைக்கு இலை இருந்தது. வளையம் வந்த புதிதில், மலையில் இன்னும் ஏறிப் பறித்துக்கொண்டிருந்த நாளில், சின்னது என்று நான் தள்ளிய கட்டுகள் பின்கொட்டகையில் தார்ப்பாய் போட்டுக் கிடந்தன. திருப்பி அனுப்ப லாரிச் செலவு என்று காசிநாதன் விட்டுப்போனவை. பிரித்துப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்த இலை, பூஞ்சணம் இல்லை, காம்பு சுத்தம். முப்பத்திரண்டு பெண்களும் அன்றிலிருந்து இரண்டு நாள் இரண்டிரண்டு இலையாக வைத்து ஈர்க்குக் குத்தினார்கள். நானும் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து குத்தினேன். வியாழக்கிழமை வண்டி கிளம்பிவிட்டது. புது விதியில் இரண்டு கையெழுத்தும் இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் தரப் பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று தேவிப்ரியா அதன் கீழேயே சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நமச்சிவாயம் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"திங்கட்கிழமையிலேர்ந்து நீ வர வேணாம்மா. நல்லபடியா இரு."

பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு வரி. ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று தெரியும், அவர் எதிரில் அழ எனக்கு இஷ்டமில்லை. கோட்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். ஜோசுவாவிடம் சொன்னபோது, "அதான் எதிர்பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டில் சோற்றைப் போட்டார். எனக்கு வேலை போனதைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. அந்த விதி இப்போது ஒரே ஒரு கையெழுத்துத் தூரத்தில் நிற்கிறது. நாளைக்கு அந்த நாற்காலியில் யாரை உட்காரவைக்கிறாரோ, அவர் பேனாவைத் திறந்தால் போதும், வளையம் மறுபடியும் மலை ஏறிவிடும்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் துர்கா போன் பண்ணினாள். 

"அக்கா, என்னைத் தரப் பொறுப்பாளர் ஆக்கிட்டாரு."

"உன்னையா?"

"ஆமா. உங்க நாற்காலில உக்கார வெச்சு, உங்க கோட்டைக் குடுத்தாரு. சம்பளம் ரெண்டு மடங்கு. காத்தால பத்து மணிக்கு ஒரு தாளைக் கொண்ணாந்து நீட்டுனாரு. பழைய அளவு, பழைய இலை. கீழ என் பேரு டைப் அடிச்சு இருக்குது. கையெழுத்து போட்டாப் போதுமாம்."

படிப்பு இல்லாதவள், சொன்னதைச் செய்வாள் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்.  போடாதே என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். புருஷன் இரண்டு வருஷமாக முதுகுவலியென்று படுத்திருக்கிறான். என் வேலை போனதற்கு நான் பொறுப்பு. இன்னொருத்தி வேலையை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்த மலையை மொட்டையடித்த விதியை எழுதியவள் நான், அவள் இல்லை.

"துர்கா," என்றேன், "இங்க பாரு, உன் வீட்டு நெலமை எனக்குத் தெரியும். நீ போட்டாலும் நான் ஒண்ணும் நெனைக்க..."

"அக்கா, நிறுத்துங்க" என்றாள். "உங்களைக் கேக்கறதுக்கு நான் போன் பண்ணல. கையெழுத்து போடல, கோட்டை அவுத்து அவரு மேசை மேலயே வெச்சிட்டேன். ஓரிக்கை ரோட்ல நடந்து வந்துக்கினு இருக்கேன், எங்கூட இலை மடிக்கறவங்க இன்னும் ஒம்போது பேரு வராங்க. உங்க வீட்ல சோறு இருக்குதா?"